கண்ணில் விளக்கெண்ணெய் விட்டு உள்ளான் காத்த கதை

சங்குத்திட்டு என்று ஒரு கடலோர ஊர். அங்கே வைரக்கண்ணு, சிங்காரம், கலியபெருமாள், அஞ்சலை என்று நான்கு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு மூளையே இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. அது அபாண்டம். மூளை இருந்தது. எடுத்தால் தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள்.

அந்த ஊர்க் கடற்கரைக்கு ஐப்பசி மாதம் சைபீரியாவிலிருந்து உள்ளான்கள் வரும். உள்ளான் என்றால் உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டிப் பறவை. ஈர மணலில் குடுகுடுவென்று ஓடிப் புழு பொறுக்கித் தின்னும். பங்குனியில் திரும்பிப் பறந்துவிடும்.

பறவை ஆராய்ச்சி செய்கிற வேதவல்லி மேடம் ஒரு பங்குனியில் ஊர்க் கூட்டம் போட்டார். "பறவைகளைக் காவல் காக்கத் தொண்டர்கள் வேணும். வர்றவங்க கையைத் தூக்குங்க" என்றார். நான்கு பேர் தூக்கினார்கள். இறக்கச் சொல்ல மேடம் மறந்துவிட்டார். சாயங்காலம் அவர்கள் தூக்கிய கையோடு வீட்டுக்குப் போனதை ஊரே பார்த்தது.

மறுநாள் சனிக்கிழமை. மேடம் அவசரமாகத் திருச்சிக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. நால்வரையும் அழைத்துச் சொன்னார்.

"மொத்தம் முந்நூறு உள்ளான் இருக்கு. இன்னும் ரெண்டே நாள்ல கிளம்பிடும். அதுக்குள்ள வயிறு நிறையத் தின்னாதான் அவ்வளவு தூரம் பறக்க முடியும். யாராவது விரட்டினா, பாதி வழியில கடல்ல விழுந்து செத்துடும். அதனால கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்துக்கணும். ஒரு ஈ காக்கா உள்ள வரக் கூடாது. நீங்க இருக்கிற இடமே தெரியக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்" என்றார்கள். அப்போதே மேடம் பயந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அஞ்சலை ஒரு பாட்டில் விளக்கெண்ணெயோடு வந்து சேர்ந்தாள். ஆளுக்கு ரெண்டு கண்ணிலும் தாராளமாக ஊற்றினாள். எண்ணெய் கன்னத்தில் வழிந்து, தாடையில் சொட்டியது.

"பறவை தெரியுதாண்ணே?" என்று கேட்டான் சிங்காரம்.

வைரக்கண்ணு கடலைப் பார்த்தார். எல்லாம் மினுமினுவென்று ரெண்டு ரெண்டாகத் தெரிந்தது. "தெரியுதா? டேய், அறுநூறு இருக்குடா!"

"காவலுக்கு வந்து கால் மணி நேரம்கூட ஆகல. அதுக்குள்ள ஒண்ணுக்கு ரெண்டா ஆக்கிட்டோமே" என்று பூரித்துப் போனான் கலியபெருமாள்.

அடுத்தது, இருக்கிற இடம் தெரியக் கூடாது என்ற விஷயம். நெடுநேரம் ஆலோசித்தார்கள்.

"யாருக்குத் தெரியக் கூடாது? பறவைக்கா, நமக்கா?" என்றான் சிங்காரம்.

"மேடம் அதைச் சொல்லல. எதுக்கும் ரெண்டு பேருக்கும் தெரியாம இருப்போம்" என்றார் வைரக்கண்ணு.

மணலில் கழுத்தளவு புதைந்து கொள்வது என்று முடிவாயிற்று. மூன்று பேரைக் கலியபெருமாள் புதைத்தான். அவனைப் புதைக்க ஆள் இல்லை. அதனால் சிங்காரத்தைத் தோண்டி எடுத்தான். சிங்காரம் கலியபெருமாளைப் புதைத்தான். இப்போது சிங்காரத்தைப் புதைக்க ஆள் இல்லை. அஞ்சலையைத் தோண்டி எடுத்தான். இப்படியே வெயில் ஏறிவிட்டது. கடைசியில் அந்த வழியாகக் கூடையோடு போன ஒரு மீன்காரம்மா, ஒரு கேள்வியும் கேட்காமல், மிச்சமிருந்த ஆளைப் புதைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு இவர்களை முன்பே தெரியும்.

கரையோரம் நான்கு தலைகள் எண்ணெய் பளபளக்க வரிசையாக நின்றன. உள்ளான்கள் ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின. ஒரு உள்ளான் வைரக்கண்ணுவின் மூக்குக்கு முன்னால் ஒரு புழுவைக் கொத்தி எடுத்தது.

"எங்கடா இருக்கீங்க?" என்று கிசுகிசுத்தார் வைரக்கண்ணு.

"தெரியலண்ணே!" என்றார்கள் மூவரும், சந்தோஷமாக.

அப்போதுதான் டவுனிலிருந்து நான்கு இளைஞர்கள் ரெண்டு பைக்கில் வந்தார்கள். ஈர மணலில் ரேஸ் விடுவது அவர்கள் திட்டம். உள்ளான்கள் மேய்கிற இடத்துக்கு நேராக வண்டியைத் திருப்பி, ஆக்சிலேட்டரை முறுக்கினார்கள். பறவைகள் மிரண்டு இறக்கையை விரித்தன. இன்னும் ஒரு நிமிஷம், முந்நூறும் எழும்பியிருக்கும்.

முன்னால் வந்தவன் எதையோ கண்டு பிரேக் பிடித்தான். "என்னடா இது, தேங்காயா?"

"வாங்க தம்பி, வாங்க" என்றது முதல் தேங்காய்.

இளைஞன் வண்டியோடு ரெண்டடி பின்வாங்கினான்.

"தாராளமா உள்ள வாங்க" என்றது ரெண்டாவது. "ஈயும் காக்காயும்தான் வரக் கூடாது. மனுசன் வரலாம்."

"நீங்க மனுசன்தானே?" என்று சந்தேகமாகக் கேட்டது மூன்றாவது. "கண்ணு சரியாத் தெரியல. கொஞ்சம் கிட்ட வாங்க."

நான்காவது அஞ்சலை. அவளுக்கு விருந்தோம்பல் அதிகம். "வந்தவங்க நிக்கிறீங்களே, பக்கத்துல குழி தோண்டிக்கிட்டு உக்காருங்க!" என்றாள்.

பைக்குகளைப் போட்டது போட்டபடி இளைஞர்கள் நால்வரும் ஓடினார்கள். சாலை வரை ஓடி, சாலையிலும் ஓடினார்கள். உள்ளான்கள் இறக்கையை மடக்கிக்கொண்டு மறுபடி மேய்ந்தன.

"நல்ல பிள்ளைங்க. பறவை பயந்துடும்னு வண்டியை வச்சுட்டு நடந்தே போகுதுங்க" என்றார் வைரக்கண்ணு.

சாயங்காலம் கூடை காலியாகித் திரும்பிய மீன்காரம்மா, அப்போதும் ஒரு கேள்வியும் கேட்காமல், நால்வரையும் தோண்டி எடுத்துவிட்டுப் போனாள். திங்கட்கிழமை பொழுது சாய்கையில் உள்ளான்கள் கொழுகொழுவென்று எழும்பின. கடலுக்கு மேல் ஒரு வட்டம் போட்டுவிட்டு வடக்கே போய் மறைந்தன. அஞ்சாறு மட்டும் கரையிலேயே மேய்ந்துகொண்டிருந்தன. நால்வரும் கூடிப் பேசினார்கள். கூட்டம் போய்விட்டதே, இதுகளுக்கு வழி யார் சொல்வது?

வைரக்கண்ணு ஒரு பலகையில் 'சைபீரியா' என்று எழுதி, வடக்கே அம்புக்குறி போட்டார்.

"அது வெளிநாட்டுப் பறவையாச்சே, தமிழ் தெரியுமா?" என்றான் கலியபெருமாள்.

"ஆறு மாசமா இங்கதானே இருக்கு? கத்துக்காம என்ன பண்ணுச்சாம்?" என்றாள் அஞ்சலை.

மேலே பறக்கிற பறவை படிக்க வேண்டுமே என்று பலகையை அலையோரம் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

விடிந்து வந்து பார்த்தால் பறவையும் இல்லை, பலகையும் இல்லை. பலகை இருந்த இடத்தைத் தாண்டி மணல் ஈரமாகக் கிடந்தது.

வைரக்கண்ணுவுக்குக் கண் கலங்கியது. "வழி மறந்துடக் கூடாதுன்னு பலகையையே கையோட எடுத்துட்டுப் போயிருக்குங்கடா!"

"பறவைக்கு ஏதுண்ணே கை?" என்றான் சிங்காரம்.

"அதான் சொல்றேன். கை இல்லாமலே தூக்கிட்டுப் போயிருக்குன்னா, எவ்வளவு தெம்பா அனுப்பி வச்சிருக்கோம் பாரு!"

அஞ்சலை மட்டும் முகம் வாடினாள். "அதுல சைபீரியான்னுதானே போட்டிருக்கு? ஐப்பசியில திரும்பி வர்றதுக்கு என்ன பண்ணும்?"

நியாயமான கேள்வி. அன்றைக்கே இன்னொரு பலகையில் 'சங்குத்திட்டு' என்று எழுதி, அம்புக்குறி போட்டு, நால்வரும் தபால் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

தபால் ஆபீசில் இருந்தவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சைபீரியா, சரி. அங்கே யாருக்கு?"

"முந்நூறு பேருங்க" என்றார் வைரக்கண்ணு. "யார் வீட்ல இருந்தாலும் குடுத்துடச் சொல்லுங்க."