விளக்கைச் சுற்றிய கறுப்பு

மங்கையர்க்கரசி டீச்சருக்கு நாற்பது வயது. அவரிடம் நாணயம் பார்க்கக் கற்றுக்கொள்ள வந்த சீடர் வில்வநாதனுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. கும்பகோணத்தில் பாத்திரக்கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர்.

டீச்சரிடம் பல நாட்டு நினைவு நாணயங்கள் இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தால் விலையைப் பற்றிப் பேசவே மாட்டார். யார் வரைந்தது, எதற்காக வெளியிட்டார்கள், அதிலிருக்கும் பறவை ஏன் கடலைப் பார்க்காமல் கரையைப் பார்க்கிறது என்று சொல்லிக்கொண்டே போவார். கேட்கிறவர்களுக்குக் காப்பி ஆறிப்போவது தெரியாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை நாணயக் கண்காட்சி. அங்கே டீச்சரின் மேசையருகே நின்று எல்லோருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று வில்வநாதனுக்குக் கொள்ளை ஆசை. வாய்விட்டுக் கேட்டும்விட்டார்.

டீச்சர் ஒரு வெள்ளி நாணயத்தை எடுத்துக் கொடுத்தார். ஒரு குட்டித் தீவு நாடு தன் கலங்கரை விளக்கத்தின் நூற்றாண்டுக்கு வெளியிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய் நன்றாகப் பார்த்துவிட்டு, பார்த்ததை வந்து சொல்லுங்கள் என்றார்.

நாணயம் கறுத்துக் கிடந்தது. ஆயுள் முழுக்கப் பாத்திரம் விற்ற மனிதர், மங்கிய உலோகத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா? பூஜைச் சாமான்களுக்குப் போடுவதுபோல விபூதி போட்டு அழுத்தித் தேய்த்தார். பளிச்சென்று ஆனதும்தான் அவருக்கு நிம்மதி.

மறுநாள் பெருமையோடு நீட்டினார். டீச்சர் விளிம்பைப் பிடித்து வாங்கினார். அவர் முகம் வாடிவிட்டது. நாணயத்தையும் பூதக்கண்ணாடியையும் வில்வநாதன் பக்கம் நகர்த்தினார்.

"விளக்கு எரியுதா, பாருங்க ஐயா."

வில்வநாதன் பார்த்தார். பாறை, அலை, வானம், கோபுரம் எல்லாம் ஒரே மாதிரி மின்னின. விளக்கைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

டீச்சர் அதே நாணயத்தின் பழைய படம் ஒன்றை எடுத்து வைத்தார். அதில் கடலும் வானமும் கன்னங்கரேல் என்று இருந்தன. கோபுரத்தின் உச்சியில் ஒரே ஒரு பொட்டு வெளிச்சம். அந்த வெளிச்சம் போய்த் தொடும் இடத்தில் எள்ளளவு படகு. நாணயச் சாலையிலேயே வேண்டுமென்று கறுப்பேற்றி, விளக்கை மட்டும் துலக்கி விட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கைவிட்டுப் போய்விட்டது என்று வில்வநாதனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் படத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"இருட்டை என்னமா செஞ்சிருக்காரு டீச்சர், இதை வரைஞ்ச மனுஷன். நான் அதைப் போய் அழுக்குன்னு தேய்ச்சுட்டேனே."

மேசைக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

டீச்சர் அந்த நாணயத்தை எடுத்து, கண்காட்சிக்கான தட்டில் நடுவில் வைத்தார். படத்தைப் பக்கத்தில் வைத்தார்.

"கெட்டுப்போனதையா டீச்சர் வைக்கிறீங்க?"

"இத்தனை வருஷமா இதைப் பார்த்தவங்க எல்லாரும் விளக்கு அழகா இருக்குன்னுதான் சொன்னாங்க, என்னையும் சேர்த்து. இருட்டு அழகா இருக்குன்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான் ஐயா. ஞாயித்துக்கிழமை இதுக்குப் பக்கத்துல நின்னு நீங்களே சொல்லுங்க."