ஒச்சாயி எடுத்த பச்சைக்கல்லு

ஒரு ஊர்ல ஒரு மலை இருந்துச்சாம். எந்தக் காலத்துலயோ நெருப்பைக் கக்கி ஓஞ்சுபோயி, கறுப்புப் பாறையா கெடந்துச்சாம். கிணத்துக்கு அடியில, பூமிக்கு அடியில, பாதாளத்துக்கும் அடியில வெளைஞ்ச பச்சைக்கல்லையெல்லாம் அந்த நெருப்பு மேல தூக்கிட்டு வந்து, பாறை வயித்துக்குள்ள வச்சிருந்துச்சாம். ராஜா சும்மா இருப்பானா? நூறு பேரைப் புடிச்சு உடைக்கப் போட்டான்.

அதுல ஒருத்தி ஒச்சாயி. பதினோரு வருஷமா தட்டுறா. காலையில தட்டுவா, மத்தியானம் தட்டுவா, பொழுது சாயத் தட்டுவா, வர்றதெல்லாம் கடுகும் மொளகும் அளவுதான். எலுமிச்சம்பழம் அளவு கல்லு எடுக்குறவங்க வீட்டுக்குப் போகலாம்னு ராஜா சொல்லியிருந்தான். அவளுக்குப் பொன்னு வேணாம், பொருளு வேணாம், வீட்டுக்குப் போயி கைகால நீட்டிப் படுக்கணும், அவ்வளவுதான். நீ காலை ஒதைக்காம கேளு கண்ணு.

ஒருநா கெடச்சுச்சு. எலுமிச்சம்பழம் அளவு, வாழைக்குருத்து நெறம். அத வாங்கிட்டுப் போன கங்காணி, அவங்களை வேலை வாங்குற பாவிப்பய, நான்தான் எடுத்தேன்னு ராஜாகிட்டச் சொல்லி தங்கச்சங்கிலி வாங்கிட்டான். ஒச்சாயி கேட்டதுக்கு, எந்தக் கல்லுன்னான். சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பில்ல. திரும்ப உக்காந்து தட்டுனா.

அந்தக் கல்லு ராணி காதுக்குப் போச்சு, ராணிக்கு ரெண்டு காது இருக்கே. அத்தாம்பெரிய கல்லை மாட்டுனா காது அறுந்துறாதான்னு கேக்காத, ராணிங்க காது அப்படி. ஜோடிக்கல்லு நாலு நாள்ல வேணும்னான் ராஜா. கங்காணி ஒச்சாயிகிட்ட ஓடி வந்தான். அதே பாறையில இன்னொண்ணு இருக்கு, சுத்திச் சுத்தி மெதுவாத் தட்டுனா பத்து நாள்ல வரும், தீ மட்டும் வச்சிராதீக, கல்லு தாங்காதுன்னு அவ சொன்னா. அவனுக்கு ஏது பொறுமை? வெறகை அடுக்குனான், தீயை வச்சான், தண்ணிய ஊத்துனான். பாறை பொளந்துச்சு, உள்ள இருந்த கல்லும் பொடிப்பொடியாப் போச்சு.

ராஜா பொடியைப் பாத்தான், கங்காணியப் பாத்தான், சுத்தியலை அவன் கையில குடுத்தான்.

"மொதக்கல்லை எடுத்த மாதிரியே என் கண்ணு முன்னால ஒண்ணு எடு."

ஒரு தட்டு, பெருவிரல் வீங்கிருச்சு. ரெண்டாம் தட்டு, பக்கத்து விரல். மூணாம் தட்டுக்கு முன்னாடியே உண்மையெல்லாம் சொல்லிட்டான்.

அவ வீட்டுக்குப் போகட்டும், அவ எடத்துல நீ உக்காரு, எலுமிச்சம்பழம் அளவு எடுத்துட்டு எந்திரின்னுட்டான் ராஜா. அவனும் லேசுப்பட்டவன் இல்ல, மத்தவங்களை விடவே இல்லையே. ஒச்சாயி கெளம்பும்போதும் அவங்க தட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க.

கங்காணி ஈனக்குரல்ல கேட்டான், "எத்தனை நாளாகும் தாயி?"

அவ நின்னா. அவனோட வீங்குன வெரலைப் பாத்தா.

"எனக்குப் பதினோரு வருசம் ஆச்சு"ன்னுட்டு நடந்தா.

ஊரான் உழைப்பைத் தின்னா செரிக்காது கண்ணு. கல்லு மலையில, கதை காதுல, நீ பாயில.