முள் குத்திய இடம் ஏன் வீங்குகிறது?

அந்தக் காலத்தில் ஆடு மாடுகள் மட்டுமல்ல, உடம்புக்குள் இருக்கும் உயிரணுக்களும் பேசின. அந்தப் பேச்சே ஒருநாள் வினையாக முடிந்தது.

ஆட்டுக்காரர் சடையாண்டியின் குதிகாலில் ஓடிய ரத்தக்குழாய்க்கு உள்சுவராக நின்றவள் மதிலாயி. தங்கைகளோடு கை கோத்து நிற்பது அவள் வேலை. கையை விட்டால் ரத்தத்தின் நீர் வெளியே கசிந்துவிடும். குழாய்க்குள் காவல்காரன் வெள்ளையன் தன் ஆட்களோடு சுற்றி வருவான். சுவர் வழிவிடாமல் அவனால் சதைக்குள் இறங்க முடியாது.

ஒருநாள் குதிகாலில் வேலமுள் ஏறியது. கூடவே கிருமிகளும் நுழைந்தன. சதைக்குள் குடியிருந்த தூதன் சேதியான், மனைவி பூவாத்தாளை அங்கேயே விட்டுவிட்டு மூச்சிரைக்கச் சுவரிடம் ஓடிவந்தான்.

"அக்கா, விடு! விடுக்கா!"

"என்னப்பா ஆச்சு?"

அவனுக்கு மூச்சு வாங்கியது. "விடுக்கா... விடு!"

புருஷன் பெண்டாட்டிச் சண்டை போலிருக்கிறது, பெரிதுபடுத்த வேண்டாம் என்கிறான் என்று நினைத்துக்கொண்டாள் மதிலாயி.

"சரி, விட்டுட்டேன். நீயும் மனசுல வச்சுக்காம வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டுத் தங்கைகளின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். வெள்ளையன் ஒன்றும் தெரியாமல் கடந்து போனான்.

"கையை விடுன்னு சொன்னேன்க்கா! உள்ள கிருமி வந்துருச்சு!" என்று சேதியான் சொல்லி முடிப்பதற்குள் காலம் கடந்துவிட்டது. மதிலாயி பதறிப்போய்க் கையை விட்டாள். வெள்ளையன் திரும்பி வந்து குதித்துக் கிருமிகளைத் தீர்த்துக்கட்டினான். ஆனால் பூவாத்தாள் இருந்த இடத்தில் சீழ்தான் மிஞ்சியிருந்தது. சேதியான் அதைப் பார்த்து அழுதான். பாவம், மதிலாயியைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. 'விடு' என்றால் நாமும் அப்படித்தானே எடுத்துக்கொள்கிறோம்?

"இனிமே எங்கிட்ட வாயால சொல்லாதப்பா. வந்து என்னைத் தொடு, போதும்" என்றாள் அவள்.

அடுத்த முள் குத்தியபோது சேதியான் பேசாமல் வந்து தொட்டான். மதிலாயி உடனே கையைத் தளர்த்தினாள். குழாய் அகன்று சூடான ரத்தம் கூடுதலாகப் பாய்ந்தது. ஓடுகிற வெள்ளையனைப் பிடித்து நிறுத்த, தன் முகத்தில் கொக்கிகளையும் நீட்டினாள்.

"அக்கா, தண்ணி ரொம்பக் கசியுதே. கொஞ்சமா விட்டாப் போதாதா?" என்று கேட்டாள் ஒரு தங்கை.

"கசிஞ்சாக் கசியட்டும். பூவாத்தா போனது போதும்."

அன்று முதல்தான் முள் குத்திய இடம் சிவந்து, சுட்டு, சில நேரம் தேவைக்கு மேலேயும் வீங்குகிறது. "சின்ன முள்ளுதானே, விடு" என்று நாம் எவ்வளவு சொன்னாலும் மதிலாயி காதில் வாங்குவதில்லை.