சக்கரத்துக்கு மேல் சீட்டு

கொல்லிமலை அடிவாரத்தில் பொன்னுரங்கம் பஸ் முதலாளி. அவர் ஷெட்டில் சக்கரம் மாட்டுகிறவள் வீராயி. நட்டு முடுக்கப் புதிதாக வாங்கிய பேட்டரி கன்னை அவர் உற்சவர் மாதிரி ஏந்திக்கொண்டு திரிவார். சார்ஜ் போட மட்டும் மறந்துபோவார்.

அன்று ஜனம் ஏறி உட்கார்ந்தாயிற்று. கழற்றி மாட்டிய முன்சக்கரத்து நட்டுகளை அவரே கன்னால் முடுக்கினார். உறுமிய கன் பாதியிலேயே முனகியது.

வீராயி ரென்ச்சை எடுத்துக்கொண்டு வந்தாள். "மொதலாளி, பேட்டரி இறங்கிருச்சுங்க. ஒருவாட்டி ரென்ச் வெச்சுக் கையால இறுக்கிடறேன்."

"கன் இருக்கையில கை எதுக்கு? வண்டி இப்பவே மலையேறணும். இல்லேன்னா நீ வேற எடம் பாத்துக்க!"

மேலே கொண்டை ஊசி வளைவுகள்; ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். சன்னலில் ஒரு கைக்குழந்தை சிரித்தது.

வீராயி கும்பிட்டாள். "சரிங்க மொதலாளி. புது வண்டி எடுத்தா மொத ஓட்டத்துல மொதலாளிதானே உக்காருவாரு? புது கன்னுக்கும் அதே மொறைதாங்க. அந்தச் சக்கரத்துக்கு மேலயே சீட்டுப் புடிச்சு வெச்சிருக்கேன், ஏறுங்க."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பொன்னுரங்கம் படியில் ஒரு காலை வைத்தார். மலையை அண்ணாந்து பார்த்தார். வைத்த கால் தானாக இறங்கியது.

அதைப் பார்த்த ஜனம் மொத்தமும் முண்டியடித்து இறங்கியது.

"எதுக்கும்... கையால ஒருவாட்டி பாத்துரு."

ரென்ச் பட்டதும் மூன்று நட்டுகள் லொடலொடவென்று சுற்றின.

வீராயி இறுக்கி முடித்தாள். டிரைவர் ஹாரன் அடித்தும் யாரும் அசையவில்லை. குழந்தைக்காரி சொன்னாள்: "மொதலாளி மொதல்ல ஏறட்டும்."

ஏறினார். உச்சி போய்ச் சேரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. இறங்கியதும் வீராயிக்குப் போன் போட்டார்.

"அந்தக் கன்னைச் சார்ஜுல போட்டியாம்மா?"