பண்ணையார் மூக்குக்கு மருந்து

உப்பளத்துப் பண்ணையார் சிவசைலத்துக்கு உச்சிப் பொழுதுக்கு முன்னால் தூக்கம் கலையாது. விடியுமுன்னே உப்பு வாரி முடித்தவர்களும், அவர் வந்து குவியலைப் பார்க்கும்வரை வெயிலில் காய்ந்துகொண்டு நிற்க வேண்டும்.

ஒருநாள் உச்சி வெயில் பட்டு அவர் மூக்குத் தோலே உரிந்துவிட்டது. எதிரே நின்ற உப்பு வாரும் பேராச்சிமேல் பாய்ந்தார்.

"காலமெல்லாம் வெயிலில் கிடக்கிறவளுக்கு மருந்து தெரியாதா? நாளைக்குக் கொண்டு வா. இல்லைன்னா இங்கே உனக்கு வேலை இல்லை!"

மறுநாள் அவள் சிரட்டை நிறையக் கற்றாழைச் சோறு கொண்டுவந்தாள்.

"எசமான், தினமும் விடியும்போதே உப்பளத்துக்கு வந்து நின்னு பூசணும். உங்க நிழல் உங்களைவிடக் குட்டையாகுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிரணும். தப்புனா பலிக்காது."

பண்ணையார் கொட்டாவி விட்டுக்கொண்டே எட்டு நாள் வந்தார்; வந்த கையோடு குவியலையும் பார்த்துவிட்டுப் போனார். மூக்கு ஆறியது.

"அடேயப்பா, வெயிலையே தடுத்துருச்சே கற்றாழை!"

"அது எரிச்சலைத்தான் ஆத்தும், எசமான். வெயில் ஏறுன நேரம் நீங்க வீட்டுல இருந்தீங்க. அதான் மருந்து."

"அடிப்பாவி, அதுக்கா என் தூக்கத்தைக் கெடுத்தே?" அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெயில் ஏறுமுன்னே வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த உப்பளத்து ஆட்களைப் பேராச்சி காட்டினாள்.

"உங்க ஒரு மூக்குக்குப் போட்ட மருந்துல, அங்கே நாப்பது மூக்கு ஆறியிருக்கு, பாருங்க."