உலகம் செம்மஞ்சளாகத் தெரிந்த நாள்

நோர்வேயின் வடக்குக் கரையில், கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒடுங்கிப்போன ஓர் ஊரிலே, ஒரு டிராக்டரின் தலையில் ஒரு விளக்கு குடியிருந்தது. நிறம் செம்மஞ்சள். சுற்றிச் சுற்றி மின்னுவது அதற்குத் தொழில்.

டிராக்டரை ஓட்டியவர் நகுலேசன். கோடையில் புல்லுக் கட்டுவார். பனிக்காலம் வந்ததும் டிராக்டரின் முன்னால் ஆளுயர இரும்புத் தகட்டை மாட்டிக்கொண்டு, தெருவிலே கொட்டிய பனியை வழித்து ஓரத்துக்குத் தள்ளுவார். அந்த ஊரில் மார்கழி மாதம் சூரியன் வேலைக்கே வராது. மத்தியானத்தில் வானம் கொஞ்சம் நீலமாக வெளிக்கும். தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் திரும்ப இருட்டிவிடும். அந்த இருட்டுக்குள் டிராக்டர் தெருவில் நிற்கிறது என்று வருகிறவர்களுக்குச் சொல்ல யாராவது வேண்டும் அல்லவா? அதற்குத்தான் விளக்கு.

டிராக்டர் பார்வைக்குத்தான் யானை. உள்ளுக்குள் சரியான பயந்தாங்கொள்ளி. முன்னால் மலையே வந்து நின்றாலும் தள்ளிப் பார்க்கும். பின்னுக்குப் போ என்றால் மட்டும் பயம் பிடித்துக்கொள்ளும். முதுகில் கண் இல்லையே, பாவம். பயம் கூடினால் இருமும். இன்னும் கூடினால் அப்படியே நின்றுவிடும். டீசலில்தான் ஏதோ கோளாறு என்று நகுலேசன் ஃபில்டரை இரண்டு தரம் மாற்றிப் பார்த்துவிட்டார்.

அதனால் பின்னுக்குப் போகுமுன் ஒவ்வொரு தடவையும் டிராக்டர் மேலே பார்த்துக் கேட்கும்.

"தம்பி, ஆரும் வருகினமே?"

விளக்கு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒருத்தரும் இல்லை அக்கா. பயப்பிடாமல் வா" என்னும். டிராக்டர் பெருமூச்சு விட்டுக்கொண்டு பின்னுக்கு வரும்.

நாளுக்குப் பலமுறை இப்படிக் கேட்கப்பட்டால் யாருக்குத்தான் தலைக்கனம் ஏறாது? தான் இல்லாவிட்டால் இந்த ஊர்த் தெருவே திறக்காது என்று விளக்கு நம்பத் தொடங்கியது.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது பழைய பல்ப் விளக்கு. எரியும்போது தோசைக்கல்லாய்க் கொதிக்கும். மேலே விழுகிற பனி சீறிக்கொண்டு தண்ணீராக ஓடும். பேட்டரியையும் அது உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தது. ஒரு நாள் அதன் மோட்டார் நின்றுபோக, நகுலேசன் இந்தப் புது எல்.ஈ.டி. விளக்கை வாங்கிப் பூட்டினார். இது கரண்டைத் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். சூடு என்பதே கிடையாது. நகுலேசன் மனைவி யோகமதியைக் கூட்டிவந்து தொட்டுப் பார்க்கச் சொன்னார். "எரியுற விளக்கு இப்பிடிக் குளிருமே" என்று அவள் அதிசயப்பட்டதை விளக்கு நெடுநாள் மறக்கவில்லை.

வேலைக்குப் புறப்படும்போது நகுலேசன் முன்விளக்குகளைத் துடைப்பார். பக்கக் கண்ணாடிகளைத் துடைப்பார். பின்னால் இருக்கும் சிவப்பு விளக்குகளை, நம்பர் பிளேட்டைக்கூடத் துடைப்பார். தலைக்கு மேலே மட்டும் கை போகாது. பழைய விளக்கு இருந்த காலத்தில் அங்கே துடைக்க ஒன்றும் இருந்ததில்லை, அந்தப் பழக்கம். ஆனால் புது விளக்கு அதைத் தனக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டது. மற்றதுகள் அழுக்குப்பட்டதுகள், துடைக்கத்தான் வேண்டும். எனக்கு என்ன?

தெருவின் இரண்டு பக்கமும் தடிகள் நின்றன. பனி மூடினால் தெருவின் கரை எது, பள்ளம் எது என்று தெரியாது. அதனால் மழைக்காலம் முடியவே ஆள் உயரத்துக்கு மேலாகத் தடிகளை நட்டு, தலைப்பக்கம் வெளிச்சம் பட்டால் மின்னுகிற ஒரு வெள்ளிப் பட்டி ஒட்டிவிடுவார்கள். மேட்டுத்தெரு வளைவில், பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் நின்ற தடி கொஞ்சம் சரிந்தது. வாயும் கொஞ்சம் நீளம். அதற்கும் விளக்குக்கும் ஒத்துவராது.

சொந்தமாய் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாதவனுக்குப் பேச்சு என்ன பேச்சு என்று விளக்கு கேட்கும். தடி கோபப்படாது. "உண்மைதான் ஐயா. வாறவன்ரை வெளிச்சத்தை வாங்கி அவனுக்கே திருப்பிக் குடுக்கிறன். அதிலை எனக்கு ஒரு வசதி. என்னை ஒருத்தன் கண்டானோ இல்லையோ எண்டு எனக்கு உடனை தெரிஞ்சிடும். உங்களுக்குத் தெரியுமோ?"

விளக்கு இன்னும் வேகமாகச் சுற்றும்.

ஒரு நாள் பிற்பகலில் கடல் பக்கமிருந்து காற்று எழும்பியது. பனி தூளாக வரவில்லை. ஈரமாக, பஞ்சுப் பொதியைப் பிய்த்துப் போட்டதுபோல வந்தது. தொட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டது.

விளக்குக்குப் பனி என்றால் பிடிக்கும். தன் வெளிச்சம் பட்டதும் ஒவ்வொரு துளியும் பொன்னாக மாறி ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அன்றைக்கு அவை வழக்கத்தைவிடக் கிட்ட வந்தன. சில தலையிலே உட்கார்ந்தன. இருக்கட்டும், ஆசையாய் வந்ததுகள்தானே என்று விட்டது. பிறகு தோளில் உட்கார்ந்தன. பிறகு கண்ணுக்கு முன்னால்.

மெல்ல மெல்ல இருட்டு குறைந்துகொண்டு வந்தது. முதலில் மலை மறைந்தது. பிறகு கடல். கடைசியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்மஞ்சள். மேலும் செம்மஞ்சள், கீழும் செம்மஞ்சள். விளக்குக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை நாள் இருட்டோடு மல்லுக்கட்டியதற்கு இன்றைக்குத்தான் பலன். உலகம் முழுவதும் தன் வெளிச்சத்தில் மிதக்கிறது!

டிராக்டர் மேட்டுத்தெரு வளைவுக்கு வந்து, பஸ் தரிப்பிடத்துக்குள் நுழைந்து வழிக்கத் தொடங்கியது. எங்கிருந்தோ தடியின் குரல் கேட்டது.

"ஐயா, மேலை இருக்கிறவரே, உங்களைக் காணேல்லை."

கண் தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு நில் என்று விளக்கு சொல்லிவிட்டது. பொறாமை வந்தால் இப்படித்தான், எதிரில் நிற்கிற சூரியனையும் காணேல்லை என்பார்கள்.

"பகிடி விடேல்லை ஐயா. டிராக்டர் சத்தம் கேக்குது. உங்களைத்தான் காணேல்லை."

உள்ளே நகுலேசனுக்கு எதுவும் தெரியாது. விளக்குக்கான சுவிட்சின் பக்கத்தில் பச்சைப் பொட்டு எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பொட்டுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்: கரண்ட் போகிறது. அதற்கு மேல் அது பொறுப்பில்லை.

தரிப்பிடத்துப் பனியை ஓரத்தில் மலைபோலக் குவித்தாயிற்று. இனி டிராக்டர் பின்னுக்கு வந்து, தெருவை முழுதாக மறித்துத் திரும்ப வேண்டும். வளைவுக்கு அப்பால் தெரு சறுக்கலாக மேலேயிருந்து இறங்குகிறது. அங்கிருந்து வருகிறவர்களுக்கு டிராக்டரின் உடம்பு தெரியாது. சிவப்பு விளக்குகளும் பனிக் குவியலுக்குக் கீழே போய்விடும். குவியலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பது தலையில் இருக்கும் விளக்கு ஒன்றுதான்.

அதே நேரம், மேட்டின் உச்சியில் ஒரு சின்னக் கார் இறங்கத் தொடங்கியது. மீன் தொழிற்சாலையில் காற்றுக்குப் பயந்து எல்லோரையும் நேரத்தோடேயே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். காரை ஓட்டி வந்தவள் யோகமதி.

நகுலேசன் பின் கியரைப் போட்டார். டிராக்டர் மேலே பார்த்தது.

"தம்பி, ஆரும் வருகினமே?"

"ஒருத்தரும் இல்லை அக்கா. எல்லாம் ஒரே வெளிச்சமாக் கிடக்கு. நீ வா."

வழக்கமாக இதோடு டிராக்டருக்கு ஆறுதல் வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. பயந்தவர்கள் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்பார்கள்.

"மலை தெரியுதே?"

"மலை... இல்லை. வெளிச்சம்தான் தெரியுது."

"கடல்?"

"அதுவும் வெளிச்சம்தான்."

"அந்தச் சரிஞ்ச தடி? பக்கத்திலைதானே நிக்குது. அதாவது தெரியுதே?"

விளக்கு சுற்றிப் பார்த்தது. செம்மஞ்சள். இன்னொரு சுற்று. செம்மஞ்சள். கூப்பிடு தூரம்கூட இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற தடி, தினமும் தன்னோடு வாய்ச்சண்டை பிடிக்கிற தடி, அதைக் காணவில்லை.

அப்போது தடி கத்தியது. "மேட்டிலை நிக்கிற தடியளிலை வெளிச்சம் படுகுது. ஒவ்வொருத்தரா மின்னுறாங்கள். கார் ஒண்டு வருது!"

விளக்குக்குள் ஏதோ குளிர்ந்தது. பிறந்ததிலிருந்து குளிராகவே இருந்த அதற்கு, அது புதுக் குளிர். தெரியாது என்று சொன்னால் என்ன மிஞ்சும்? தலையில் இருத்தி வைத்ததே பார்ப்பதற்கும் பார்க்கப்படுவதற்கும்தான். இரண்டும் இல்லாத ஒன்றை யார் தலையில் வைத்திருப்பார்கள்? ஒரு வார்த்தை சொன்னால் போதும், வா அக்கா என்று. மானம் தப்பும். டிராக்டரின் பெரிய சில்லு மெல்ல அசைந்தது.

"அக்கா, நில்" என்றது விளக்கு. "எனக்கு ஒண்டும் தெரியேல்லை. நான் கனநேரமா ஒண்டையும் காணேல்லை."

டிராக்டருக்கு வந்த பயத்தை எழுத்தில் எழுத முடியாது. ஒரு தரம் இருமியது. உடம்பெல்லாம் குலுங்கியது. நின்றுவிட்டது. பின் சில்லு இன்னும் தெருவுக்குள் வந்திருக்கவில்லை.

நகுலேசன் தன் வாழ்க்கையில் டிராக்டர்களுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த வசவு முழுவதையும் அந்த இடத்தில் கொட்டினார். திறப்பைத் திருகினார், ஸ்டார்ட் வரவில்லை. என்ன பிடித்துக்கொண்டது என்று பார்க்கக் கதவைத் திறந்து இறங்கினார். இறங்கினவர் அப்படியே நின்றார். தெரு இருட்டாக இருந்தது. வழக்கமாகப் பனிமேட்டில் ஓடித் திரியும் செம்மஞ்சளைக் காணோம். அண்ணாந்து பார்த்தார். கூரையில் ஒரு பனி உருண்டை. அதற்குள், முட்டைக்குள் இருக்கும் மஞ்சள்கரு மாதிரி, ஏதோ மங்கலாகத் துடித்தது.

"ஐயோ, இது எவ்வளவு நேரமா இப்பிடிக் கிடக்கு" என்றார், யாரிடமும் அல்ல.

படியில் ஏறி, கையுறையால் ஒரே இழுப்பில் வழித்தார்.

உலகம் உடைந்து விழுந்தது. விளக்குக்கு முதலில் அப்படித்தான் இருந்தது. பொன்னெல்லாம் கொட்டுண்டு போக, எதிரில் இருட்டு. அந்த இருட்டுக்குள் மலை. மலைக்குக் கீழே கடல். பக்கத்தில், சரிந்தபடி, அந்தத் தடி. மேட்டிலே இரண்டு சின்ன வெளிச்சங்கள் இறங்கி வந்துகொண்டிருந்தன. விளக்கு சுற்றியது. பெருமைக்காகச் சுற்றவில்லை. பனிக் குவியலுக்கு மேலால், வளைவுக்கு அப்பால், தன்னால் முடிந்த தூரத்துக்கு வெளிச்சத்தை வீசியது.

இறங்கி வந்த வெளிச்சங்கள் தயங்கின. மெதுவாகின. வளைவைத் தாண்டி ஊர்ந்து வந்து நின்றன.

யோகமதி கண்ணாடியை இறக்கினாள். "இஞ்சேருங்கோ, இந்தப் பனிக்குள்ளை என்ன கூரையிலை ஏறி நிக்கிறியள்?"

நகுலேசன் படியிலிருந்து இறங்கி வந்து காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"மேலையிருந்து வரேக்கை ஒண்டும் தெரியேல்லை" என்றாள் அவள். "திடீரெண்டு உங்கட லைட்டைக் கண்டன். அதுக்குப் பிறகுதான் பிரேக்கிலை காலை வைச்சனான். வழுக்கி வழுக்கி வந்துதான் நிண்டது."

"ஓம்" என்றார் நகுலேசன். "அது இப்பதான் எரியத் தொடங்கினது." பிறகு, "நீர் மெதுவாப் போம். நான் முடிச்சிட்டு வாறன். தேத்தண்ணிக்குத் தண்ணி வையும்" என்றார். கார் போகும்வரை கூரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

அதன் பிறகு டிராக்டர் முதல் திருகலிலேயே ஸ்டார்ட் வந்தது. நகுலேசன் ஃபில்டரை மாற்றுவதை விட்டுவிட்டார். பனி ஈரமாகக் கொட்டுகிற நாட்களில் டிராக்டர் இருமும். அவர் இறங்கி, ஏறி, விளக்கை வழித்துவிட்டுப் போவார். டிராக்டருக்குப் பனி ஒத்துக்கொள்ளாது என்று யோகமதிக்குச் சொல்லிச் சிரிப்பார். அந்த இருமலுக்கு முன்னால், மேலேயிருந்து ஒரு குரல், "அக்கா, எல்லாம் அழகாச் செம்மஞ்சளா வரத் தொடங்கீட்டுது, சொல்லு அவருக்கு" என்று சொல்வது அவருக்குக் கேட்காது.

தடியின் வாய் மட்டும் குறையவில்லை. ஒரு பிற்பகலில், விளக்கைத் துடைத்துவிட்டு நகுலேசன் உள்ளே ஏறினதும் அது கேட்டது.

"என்ன ஐயா, இப்ப எப்பிடி?"

விளக்கு ஒரு சுற்றுச் சுற்றி எல்லாவற்றையும் பார்த்தது.

"நல்ல இருட்டாக் கிடக்கு" என்றது நிம்மதியாக. "எல்லாம் வடிவாத் தெரியுது."