நான்கு வண்ணமும் மந்திரியின் தாவலும்

முன்னொரு காலத்தில் ஓர் அரசனுக்குத் தன் ராஜ்யம் முழுவதையும் சபைத் தரையில் வண்ணப்பொடியால் தீட்டிப் பார்க்க ஆசை வந்தது. அதில் ஒரு சங்கடம். எல்லை தொட்டுக்கொள்ளும் இரண்டு நாடுகளுக்கு ஒரே வண்ணம் இட்டால், “எங்களை அவர்களோடு சேர்த்துவிட்டீர்களா?” என்று இரு நாட்டாரும் தடியெடுப்பார்கள்.

“நாட்டுக்கொரு வண்ணம் வேண்டும் பிரபு,” என்றார் மந்திரி வல்லபராயர்.

“நான்கு போதும்,” என்றான் விகடன் குழைக்காதன். நான்கே பொடிகளில் தீட்டியும் முடித்தான்.

அரசன் மெச்சினான். மந்திரிக்கு வயிறு எரிந்தது.

“எந்தப் படத்துக்கும் நான்கு போதுமோ?”

“போதும்.”

“காரணம்?”

“தெரியாது. ஐந்து கேட்கும் படம் இருந்தால் வரையுங்களேன்.”

“வாய்க்கொழுப்பைப் பாருங்கள் பிரபு! நான் வரைந்துவிட்டால் இவன் நாக்கை அறுக்க வேண்டும்.”

அரசன் தயங்கினான். குழைக்காதனோ, “சம்மதம்,” என்றான்.

மறுநாள் மந்திரி தரையில் கோடு கிழித்தார். நடுவில் ஒரு மஞ்சள் நாடு. அதைச் சுற்றிச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று. நான்கும் ஒன்றையொன்று தொட்டதால் நான்கு வண்ணமும் தீர்ந்தன. வெளியே, அந்த மூன்றையும் வளைத்துத் தன் நாட்டை வரைந்தார். பிறகு நடுநாட்டின் வயிற்றுக்குள் ஒரு சிறு வட்டம் போட்டார்.

“இந்தத் துண்டும் என் நாடுதான். ஆக, என் நாடு நான்கையும் தொடுகிறது. ஐந்தாம் வண்ணம் எங்கேயடா?”

அரசன் மெல்லச் சொன்னான்: “தவறென்று ஒப்புக்கொள் குழைக்காதா. விட்டுவிடுகிறேன்.”

“நாக்கை அறுத்தாலும் நான்கு நான்குதான் பிரபு. அதற்குமுன் மந்திரியார் தம் நாட்டை ஒருமுறை சுற்றி வரட்டும். வெளியிலிருந்து அந்தத் துண்டுவரை, அடுத்தவர் மண் மிதிக்காமல்.”

“நட,” என்றான் அரசன்.

வல்லபராயர் பட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரே தாவாகத் தாவினார். பாதி வழியிலேயே சிவப்பு நாட்டில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“ஒரே நாடாக இருந்தால் தாவுவானேன்?” என்ற குழைக்காதன், வெளியே வளைத்திருந்த நாட்டுக்கு நடுநாட்டின் மஞ்சளையும் சிறு வட்டத்துக்குச் சிவப்பையும் தூவினான். நான்கே வண்ணம், எந்த எல்லையிலும் ஒரே வண்ணம் இடிக்கவில்லை.

அரசன் விலா நோகச் சிரித்தான். “இப்போதாவது சொல். ஏன் நான்கு போதும்?”

“இப்போதும் தெரியாது பிரபு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லத்தான் இந்த நாக்கு.”

அரசன் மறுபடி சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான். வல்லபராயர் வேட்டியின் பின்பக்கத்தை உதறிக்கொண்டிருந்தார்.